கழுகக்கா வரிசையில் நின்ற நாள்

மருந்துக் குப்பி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் போய் "கழுகக்கா எங்கே?" என்று கேட்டால், வாசல் காவல்காரர் யோசிக்காமல் மூன்றாம் வரிசைக்குக் கை காட்டுவார். பதினெட்டு வருஷமாக அவள் இடம் அதுதான். எதிரே வெள்ளை விளக்குப் பலகை. அதற்கு முன்னால் இடமிருந்து வலமாக ஓடும் பட்டை. அதன்மேல் நிமிஷத்துக்கு நூறு குப்பி. கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் கடுகளவு காற்றுக் குமிழி, உள்ளே ஒட்டிய கண்ணாடித் துணுக்கு, எதுவாக இருந்தாலும் அவள் விரல் அதைப் பொறுக்கி எறிந்துவிடும். அந்தக் குப்பிகளில் ஊசி மருந்து அடைப்பார்கள். விளையாட்டு வேலை இல்லை.

குப்பி பார்க்கும் முப்பத்திரண்டு பெண்களும் மேட்டு ஆட்கள், பூர்விகம் மலைமேடு. முகத்தையும் நிறத்தையும் பார்த்தே ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள். "மேட்டு ஆளுங்களா? அடேயப்பா, அவங்க கண்ணு கழுகுக் கண்ணாச்சே! பரம்பரை பரம்பரையா மேட்டுல நின்னு தூரத்தைப் பார்த்த கண்ணு!" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவள் தாத்தா காலத்திலேயே மேட்டை விட்டு இறங்கியாயிற்று. கழுகக்கா பிறந்து வளர்ந்தது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஓர் இரண்டாம் மாடி அறையில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். எந்தத் தூரத்தைப் பார்த்தாளாம் அவள்? ஆனாலும் புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போகும். மூன்று தடவை இயந்திரப் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். "இந்தக் கண்ணை அங்கே கொண்டுபோய் வீணாக்கறதா?" என்று மேற்பார்வையாளர் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை வண்டி வரும். கண்ணாடி உருக்கும் உலை ஆட்கள், பெட்டி அடுக்குபவர்கள், லாரி ஓட்டுபவர்கள், ஏன், கணக்கு எழுதுபவர் வரைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். மேட்டுப் பெண்கள் மட்டும் நிற்க வேண்டாம். "உங்களுக்கு எதுக்குங்க டெஸ்ட்? அந்த டாக்டருக்கே நீங்க டெஸ்ட் பண்ணலாம்" என்று மேற்பார்வையாளர் பட்டியலில் அவர்கள் பெயர்மேல் நீளமாகக் கோடு போட்டுவிடுவார். அந்த அரைமணி நேரம் பெண்கள் டீ குடித்துக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களைக் கிண்டல் செய்வார்கள். குப்பி பார்ப்பவர்களின் கண்ணை விட்டுவிட்டு மற்ற எல்லோருடைய கண்ணையும் பார்த்தார்கள்! சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் பதினெட்டு வருஷத்தில் ஒருத்திக்குக்கூட அது உறைக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அவள் சொந்தத்தில் ஒருவர்கூடக் கண்ணாடி போட்டதில்லை. கண்ணாடி போட்டால் மேட்டு ஆளா என்று கேட்டுவிடுவார்களே! அவள் அம்மா, ஊசியில் நூல் கோக்க வராமல் போனபோது, நூல் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள். மாமா தெருவிளக்குக் கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு வந்து, கம்பத்தை நட்டவனைத் திட்டினார்.

இந்த வருஷம் கழுகக்காவும் திட்ட ஆரம்பித்தாள். இடது தோள் கதவு நிலையில் இடித்தது. இடது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரை இரண்டு தடவை தட்டிவிட்டாள். அவள் புருஷன் பஸ் ஓட்டுபவர். பணிமனையில் ஆறு மாதத்துக்கொருமுறை அவர் கண்ணைப் பார்த்துவிடுவார்கள்.

"ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாயேன்" என்றார்.

"யாருக்கு, எனக்கா? உங்க டம்ளரை ஒழுங்கா வைங்க முதல்ல."

அதற்கு மேல் பேச அவருக்கென்ன பைத்தியமா?

பட்டையில் அவளுக்கு அடுத்த நாற்காலி அவள் சொந்தத் தங்கையுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை, கழுகக்கா கழிக்காமல் விட்ட குப்பி ஒன்றைத் தங்கை எடுத்துச் சத்தமில்லாமல் கழிவுத் தொட்டியில் போடுவது கண்ணில் பட்டது. இடைவேளையில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்தைச் சுற்றி விரிசல். குப்பியைத் தங்கை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எத்தனாவது?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த மாசத்துல ஏழாவதுக்கா."

"ஏண்டி சொல்லல?"

"உன்கிட்ட போய் எப்படிக்கா சொல்றது? கழுகக்காவுக்கே கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா நம்ம எல்லாருக்கும்தானே போச்சு? அப்புறம் யாரு நம்மளை இங்கே வெச்சுப்பா?"

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. சொன்னால் தன் வேலை போகும், முப்பத்தொரு பேரின் பெயரும் போகும். சொல்லாவிட்டால் கண்ணே போய்விடும், என்றைக்காவது ஒரு விரிசல் குப்பி யாரோ ஒரு நோயாளியிடமும் போய்ச் சேரும். இரண்டு நாள் மனசைப் போட்டு உருட்டினாள். மூன்றாம் நாள் பரிசோதனை வண்டி வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய் வரிசையில் லாரிக்காரருக்குப் பின்னால் நின்றாள்.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். நல்ல மனுஷர். ஒருநாளும் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. "என்ன கழுகக்கா, பொழுது போகலையா?"

"என் பேரையும் எழுதுங்க சார்."

வண்டிக்குள் போய் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். "நான் சொல்லல?" என்று மேற்பார்வையாளர் கைதட்டினார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஆனால் டாக்டரம்மா விடவில்லை. "வலது கண்ணை மூடிக்கிட்டு நேரா என் மூக்கையே பாருங்கம்மா" என்று சொல்லி, பக்கவாட்டில் விரலை அசைத்தார். "விரல் தெரியறப்ப சொல்லுங்க."

கழுகக்கா காத்திருந்தாள். விரல் முகத்துக்கு நேரே வந்தபிறகுதான் தெரிந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இடது கண்ணின் ஓரப் பார்வையில் பாதி போய்விட்டதாம். போனது திரும்பாது. மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். "வருஷா வருஷம் பார்த்திருந்தா அஞ்சு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்குமே. ஏன் வரல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

கழுகக்கா மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உங்களைப் பத்தி ஒருநாளும் நான் தப்பா பேசினதில்லையே..." என்று இழுத்தார்.

"அதான் சார் வினை. திட்டியிருந்தா சண்டை போட்டிருப்போம். புகழ்ந்தீங்க, நம்பிட்டோம்." அவள் வாசல் பக்கம் கை காட்டினாள். "முப்பத்தொரு பேர் வெளியே நிக்கறாங்க. எல்லார் பேரையும் எழுதுங்க. எழுதற வரைக்கும் பட்டை ஓடாது."

பட்டை ஓடவில்லை. ஒன்றரை மணி நேரம் தொழிற்சாலை முழுக்க நின்றது. ஒன்பது பேருக்குக் கண்ணாடி எழுதினார்கள். தங்கைக்கும் அதே அழுத்தம். ஆனால் பார்வை கொஞ்சமும் போகவில்லை, சொட்டு மருந்து போதும் என்றார் டாக்டரம்மா. தனக்குச் சொன்னபோது அழாத கழுகக்கா, அதைக் கேட்டதும் வண்டிப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"உங்களுக்கு லேசான வேலை பார்த்துத் தரேன்" என்று மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார்.

"லேசான வேலை யார் கேட்டா? என் மேசையைப் பட்டைக்கு அந்தப் பக்கம் மாத்திப் போடுங்க. குப்பி வலது பக்கத்துலேருந்து வரட்டும்."

மேசை மாறியது. ஒரு வாரம் அவள் விட்டதையெல்லாம் எடுத்துத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு குப்பிகூடப் பழுது இல்லை.

போன மாதம் மருந்து நிறுவனத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். கழுகக்கா கழித்த குப்பி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அவள் அதை வாங்கி, விளக்குக்கு முன் லேசாகச் சாய்த்துக் காட்டினாள். விரிசல் மின்னியது.

"அடேயப்பா! மேட்டு ஆளுங்க கண்ணே கண்ணு!"

"என் இடது கண்ணுல பாதி தெரியாதுங்க" என்றாள் கழுகக்கா. "இது பதினெட்டு வருஷமா நான் கத்துக்கிட்ட வேலை."

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த குப்பி வந்துவிட்டது. அவள் திரும்பிக்கொண்டாள்.