ஆவணி வெயிலில் ஒரு குளிர்கோட்டு

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த வருஷம். ஆவணி மாதம், கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலை மறியல். நான் அப்போதுதான் பி.எஸ்சி. ஜியாகரபி முடித்திருந்தேன். வாய்க்குப் பூட்டே கிடையாது. ‘படிக்க இடம் கொடு’ என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

கொளுத்துவதற்கு வைக்கோலில் ஒரு கொடும்பாவி கட்டினோம். லுங்கி கிடைத்தது, சட்டை கிடைக்கவில்லை.

“ஒன் சட்டைய கழட்டுடா.”

“போடா, தீபாவளிக்கு எடுத்தது!”

மறியலில் வெள்ளிமலையிலிருந்து வந்த பஸ் ஒன்று மாட்டி நின்றது. ஏறிப் பார்த்தேன். புழுக்கம் தாங்காமல் பாதிப் பேர் இறங்கிவிட்டிருந்தார்கள். ஒரு சீட்டில், பெரிய பெட்டியின்மேல், தடியாக ஒரு கறுப்புக் கோட்டு.

“இன்னாடா இது, கரடியா?” என்றான் கூட ஏறிய நண்பன்.

பின்சீட்டுப் பெரியவர், “வுட்டுடுப்பா, அந்தப் பொண்ணுது. தண்ணி வாங்கப் போயிருக்குது” என்றார்.

“இந்த வெயில்ல இத யாரு போடப் போறா?” என்று சொல்லிக்கொண்டே எடுத்து வந்துவிட்டேன்.

கொடும்பாவிக்கு மாட்டியதும் ஒரே விசில். பைக்கிலிருந்து பிடித்த பெட்ரோலை நானே ஊற்றினேன். தீப்பெட்டி யாரிடம் என்று தேடும்போது, தண்ணீர் பாட்டிலோடு ஒரு பெண் ஓடி வந்தாள்.

“அண்ணா, அது என் கோட்டுண்ணா! கொளுத்தாதீங்க!”

“இன்னாமா, ஊட்டிக்கா போற?” என்றான் நண்பன்.

“டென்மார்க்குக்கு. படிக்கப் போய்க்கினு இருக்கேன். நாளைக்கு ஃப்ளைட்டு.”

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். “டென்மார்க்கச் சுத்தி கடல்மா. கடலோரத்துல அவ்ளோ குளிரு இருக்காது. ஜியாகரபி படிச்சவன் சொல்றேன்” என்றேன்.

“பனி கம்மிதாண்ணா. மழையும் காத்தும்தான் ஜாஸ்தி. ஈரக்காத்து எலும்புக்குள்ள பூந்துடும்னு, அங்க இருந்துட்டு வந்த சீனியர் அக்கா சொன்னாங்க. அவங்க குடுத்த கோட்டுதான் இது. வேற வாங்க எங்கூட்ல வழியில்ல.”

விசில் நின்றுவிட்டது. கோட்டைக் கழற்றி, ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் மோந்து பார்த்தாள். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கசக்கினாள். மறுபடி மோந்தாள்.

“பெட்ரோல் நாத்தத்தோட ப்ளேன்ல ஏத்த வுடமாட்டாங்க” என்று என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“அட்ரஸ் குடும்மா, வேற வாங்கி அனுப்பறேன்.”

“பஸ்ஸ வுடுண்ணா, அது போதும்.”

அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். ரோட்டில் போட்டிருந்த புளியங்கிளையை நாங்களே இழுத்து ஓரம்போட்டோம். பஸ் போனது. சட்டையில்லாத கொடும்பாவியை அன்றைக்குக் கொளுத்த எனக்குக் கை வரவில்லை.

அந்தக் கோட்டு இப்போதும் எங்கள் வீட்டு பீரோவில் கிடக்கிறது. கள்ளக்குறிச்சி வெயிலில் அதை யார் போடுவது? என் போனில் வானிலை காட்டும் இடத்தில், நம்ம ஊர் வெயிலுக்குக் கீழே டென்மார்க்கையும் சேர்த்து வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்தால் அங்கே தினமும் இரண்டு டிகிரி, மூன்று டிகிரி, மழை, பலத்த காற்று என்றே காட்டுகிறது. படிக்க இடம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த நான், படிக்கப் போன ஒருத்தியை அந்தக் காற்றில் வெறும் தோளோடு அனுப்பிவைத்தேன் என்பது, இங்கே நாற்பது டிகிரி கொளுத்தும்போதும் என்னைக் குறுக வைக்கிறது.