மூடின கண்ணுக்குப் பின்னால்

“கண்ணை மூடுங்கோ. இனி, மூடின கண்ணாலை என்னை நேரை பாருங்கோ.”

வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கையிலுள்ள சின்ன நேர்சிங் ஹோமில் டொக்டர் ஐறீன் இப்படித்தான் தொடங்குவார். சொல்லும்போதே மின்விசிறியை நிறுத்திவிடுவார். இமைமேல் குளிர்ந்த ஜெல்லை வைத்து, சுண்டுவிரலை நெற்றியில் ஊன்றி, ஸ்கான் கருவியைப் பாரம் ஏறாமல் தொட்டும் தொடாமலும் பிடிப்பார். அதன்பிறகு ஆளோடு கதை இல்லை, திரையோடுதான். “ஒளியாதை பிள்ளை, ஒளியாதை... ஆ, வந்திட்டாய்.”

சாம்பல் திரையில் கண் கறுப்பு நிலவாக மிதக்கும். அதன் பின்னே கறுத்த காம்பொன்று தொங்கும். மூளையிலிருந்து வரும் நரம்பு அது. மண்டைக்குள் அமுக்கம் ஏறினால் அந்த நரம்பின் உறை பொம்மிவிடும். மண்டையைத் துளைக்காமலே உள்நடப்பை அறிந்துகொள்ளலாம். ஒழுங்கைச் சனத்துக்கு இந்த விளக்கமெல்லாம் ஏறாது. அவருடைய ஊரைச் சொல்லி, “கொச்சிக்கடைக்காரி, பேயோ பிசாசோ என்னத்தையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்,” என்பார்கள். றயிலில் எதிரே யாராவது தூங்கினால் போதும், ஐறீன் அவருடைய இமைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். தூங்கினவர் திடுக்கிட்டு எழும்பி வேறு இருக்கை தேடுவார். கண்டவர்கள் இருக்கிறார்கள், இது பொய்யில்லை.

வடக்கில் சண்டை முற்றியிருந்த வருசம், இருள் கவியும் ஒரு மைம்மல் பொழுதில், அங்கிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த நேசமலர் தன் மகன் முத்துலிங்கத்தை த்ரீவீலரில் கொண்டுவந்தாள். காலையில் பஸ்ஸிலிருந்து விழுந்து தலை அடிபட்டவன். எழும்பிச் சோறும் தின்றவன். பின்னேரம் தலையிடி, தின்ற சோறெல்லாம் சத்தி. இப்போது கட்டிலில் அசையாமல் கிடந்தான்.

“நடிக்கிறான் டொக்டர்,” என்று தாய் சிரித்தாள். “வாற வழியிலை செக்பொயின்ற். கண்ணை மூடிக் காய்ச்சல்காரன் மாதிரிக் கிட எண்டனான். ரவுண்டப் எண்டு ஆமி பெடியளைப் பிடிக்க வந்தா அப்பிடிக் கிடக்கப் பழக்கி வைச்சிருக்கிறன். டேய், ஆமி போயிட்டான், எழும்படா!”

ஐறீன் ஜெல்லை வைத்தார். நிலவு வந்தது. காம்பு தடித்துக் கிடந்தது. மற்றக் கண்ணிலும் அப்படியே. அவர் திரையை விட்டுத் தாயின் பக்கம் திரும்பினார்.

“இவர் நடிக்கேல்லை அம்மா. மண்டைக்குள்ளை நெரிக்குது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திறக்காட்டி ஆள் மிஞ்சமாட்டார்.”

தாயின் சிரிப்பு நின்றது. “ஐயோ, அங்கை பொலிஸ் நிக்கும். ஏன் கொழும்புக்கு வந்தனி எண்டு கேட்டுக் கொண்டுபோயிடுவாங்கள்.”

“கேக்கட்டும். மறுமொழி சொல்ல இவர் இருக்கோணும். ஏறுங்கோ, நானும் வாறன்.”

அதே த்ரீவீலர், அதே செக்பொயின்ற். சிப்பாய் டோர்ச்சை உள்ளே அடித்து, கிடந்தவனை எழுப்பச் சொல்லிச் சிங்களத்தில் அதட்டினான். நேசமலர் மகனின் முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடப் போனாள். ஐறீன் அவள் கையை விலக்கினார். சிப்பாயின் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தை முத்துலிங்கத்தின் முகத்துக்குத் திருப்பி, பெருவிரலால் ஓர் இமையை உயர்த்தினார். உள்ளே கறுப்பு, வெளிச்சத்துக்குக் கொஞ்சமும் சுருங்காமல், அகல விரிந்தபடி சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீதித்தடை உயரும்வரை ஐறீன் அந்த மணிக்கட்டை விடவில்லை.