பனிக்குள் போன தேங்காய்

மலைச்சரிவில் பனி எங்கே எவ்வளவு ஆழம் என்று அளந்து, அந்த ஏற்றத்தாழ்வுக்குப் புள்ளியியலில் கணக்குப் போடுவதுதான் மெல்பர்னில் எனக்குக் கிடைத்த வேலை. சென்னையில் இருக்கும் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

“பனி எல்லா எடத்துலயும் ஒண்ணாத்தானே விழும்? இத அளக்கவா உன்னப் படிக்க வச்சோம்?”

ஒன்றாக விழும்தான், காற்று சும்மா விடாதே. மேட்டில் வழித்தெடுத்து மரத்தடியில் குவித்துவிடும். இதெல்லாம் கணினியில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேரில் பனியைப் பார்த்ததில்லை என்பதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தற்காலிக வீசா. முதல் அளவெடுப்பு சொதப்பினால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள். மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வண்டி ஓட்டிவந்து கூடவே அளக்கும் அண்ணா, மெல்பர்ன் புறநகரான டண்டினொங்கில் வசிக்கும் இலங்கைத் தமிழர். சரிவில் இறங்கியதும் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார்.

“உடைக்காமல் தொடங்கேலாது, தங்கச்சி.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. கல்லைத் தேடினோம். பனிமலையில் கல்லுக்கு எங்கே போவது? அவர் சாமியை நினைத்து ஓங்கி எறிந்தார். தேங்காய் உடையவில்லை. சரிவில் உருண்டு, மரத்தடிக் குவியலுக்குள் புகுந்து மறைந்தது. கை விறைக்கத் தோண்டியும் அகப்படவில்லை. பிள்ளையார் முழுசாகவே எடுத்துக்கொண்டார் என்று சமாதானமாகி வேலையைத் தொடங்கினோம்.

அளவு பொறித்த கம்பியைத் தரை தட்டும்வரை பனிக்குள் குத்த வேண்டும். மரத்தடியில் எல்லா இடத்திலும் இடுப்பளவு. ஓரிடத்தில் மட்டும் முழங்கால் ஆழத்திலேயே ‘டொக்’.

“பாறை,” என்றார் அண்ணா. நானும் அப்படியே பதிந்தேன். படித்த புத்தி அவ்வளவுதான்.

அலுவலகத்தில் என் அளவுகளின் வரைபடத்தைப் பார்த்த மேலாளர், வெள்ளைக்காரப் பெண்மணி, அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். “இங்கே பாறையே கிடையாது. கம்பியைத் தரைவரை குத்தினாயா? எல்லா இடத்திலும் இப்படித்தானா?”

தரைவரைதான் குத்தினேன் என்றேன். மறுநாள் அவரே மலைக்கு வந்தார். என் அளவுகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சரிபார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடைசியாக அந்த இடம். ‘டொக்.’ மண்வெட்டியால் தோண்டினார். குடுமியோடு வெளியே வந்தது.

அதைக் கையில் ஏந்தியபடி எங்களைப் பார்த்தார். அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் பிள்ளையாரை அறிமுகம் செய்யத் தொடங்கினார். எனக்கோ பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மேலாளர் பனியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “இந்த ஒன்றை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடு. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, அது இருக்கட்டும். நீயும் இரு.”