மஞ்சள் ஏறிய போத்துத் தலை

போன வருஷம் ஆடி மாதம், குமுளிக்கு மேலே நாங்கள் குடியிருக்கும் ஏலத்தோட்டப் பக்கம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது நடந்தது இது.

என் மருமகள் ரோட்டோரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இறைச்சிக்கடை போடுகிறாள். தலை, கால் சுத்தம் செய்வது என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்கிற வேலை. நான் சுத்தம் செய்த தலையில் ஒரு முடி கிடந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு நாள் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் மலையாளத்துக் கிறிஸ்தவர், நாங்கள் அச்சாயன் என்று கூப்பிடுகிறவர், ஜீப்பில் வந்து இறங்கினார். அவருடைய அப்பா ஆசையாய் வளர்த்த போத்து, அதாவது எருமைக்கடா, வயதாகிச் செத்துப்போயிருந்தது. அப்பா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். உடலைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, தலையை மட்டும் தோலுரித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளிநாட்டு வீடுகளில் மாட்டுகிறார்களே, அதுபோல எலும்பு பளிச்சென்று வெள்ளையாய், கொம்போடு, பலகையில் பதித்து மாட்ட வேண்டுமாம். அப்பாவின் ஆண்டு நினைவு ஜெபத்துக்குள் வேண்டுமாம். டவுனில் இந்த வேலை செய்கிறவர் சொன்ன விலைக்கு நல்ல கன்றுக்குட்டியே வாங்கிவிடலாம் என்றார். மருமகளிடம் யோசனை கேட்கத்தான் வந்திருந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நானே செய்து தருகிறேன், அதில் பாதி விலை போதும் என்றேன்.

அவர் சாக்கு முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "அம்மச்சி, இது கெட்டுப்போனா வேற தலை இல்லை. அப்பச்சன் ஓர்மைக்கு இது ஒண்ணுதான் பாக்கி."

"கெட்டுப்போகாது. வெச்சிட்டுப் போங்க," என்றேன்.

மருமகள் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சொல்வாள், நான் செய்வேன். கொம்பு தண்ணீரில் நனைந்தால் உறை கழன்றுவிடுமாம். அதனால் இரண்டு கொம்பையும் பழந்துணியால் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, பெரிய அண்டாவின் விளிம்புக்கு வெளியே நிற்கும்படி தலையை இறக்கினோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கவும் கூடாது. கொதித்தால் எலும்பு விரிசல் விடும், பல் உதிரும். லேசாய் ஆவி பறக்கும் சூட்டிலேயே நிறுத்த வேண்டும். மழையில் நனைந்த விறகை வைத்துக்கொண்டு அந்தச் சூட்டைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று அடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியும். மூளையைக் கம்பியால் எடுத்தேன். ஒட்டிய சதையைக் கத்தியின் முதுகால் சுரண்டினேன். தண்ணீரை மாற்றிச் சோப்புப் பொடி போட்டு மறுபடி வைத்தேன். மறுபடி சுரண்டினேன். விறகு, சோப்புப் பொடி, எலும்பை வெளுக்க மருந்துக்கடை பெராக்சைடு, ஆசாரியின் பலகை, கைக்காசு போனது இவ்வளவுக்குத்தான். மற்றதெல்லாம் என் இடுப்பு. டவுன்காரர் ஏன் அந்த விலை கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசி வேக்காட்டில் வாடை வீடு முழுக்க ஏறியது. கறியில் வாடை அடித்தால் என் கை தன்னால் மஞ்சள் டப்பாவைத் தேடும். யோசிக்கவே இல்லை, ஒரு கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டேன். காலையில் தலையை வெளியே எடுத்தால், எலும்பு முழுக்க மஞ்சள்.

"அவரு என்ன குழம்பா வைக்கச் சொன்னாரு, அத்தை?" என்று கேட்ட மருமகள் முதலில் சிரித்தாள். பிறகு அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பெராக்சைடைப் பஞ்சில் தோய்த்து ஒட்டினோம். மேலே வெளுத்தது. மூக்கெலும்பிலும் இடுக்கிலும் மஞ்சள் அப்படியே நின்றது. நான் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. வேட்டியில் மஞ்சள் பட்டால் என்ன செய்வோம்? சோப்புப் போட்டு, ஈரத்தோடு வெயிலில் போடுவோம். எலும்புக்கும் அதுதான் வழி என்று பட்டது. ஆனால் எங்கள் பக்கம் எதிரில் நிற்கும் ஆளே தெரியாத மூட்டம். வெயிலுக்கு எங்கே போவது? மலைக்குக் கீழே கம்பத்தில் என் தங்கை வீடு இருக்கிறது. இங்கே மழை ஊற்றும்போதே அங்கே வெயில் அடிக்கும். தலையைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

செக்போஸ்ட்டில் வனக்காவலர் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். காட்டுமாட்டுத் தலையோ என்று சந்தேகம். கொம்பைத் தடவிப் பார்த்ததும் போத்து என்று தெரிந்துகொண்டார். "எந்தா அம்மச்சி, போத்துக்குக் கல்யாணமோ?"

"ஆமா. பொண்ணு கம்பத்துல இருக்கு," என்றேன். பஸ்ஸே சிரித்தது.

தங்கை வீட்டு மொட்டை மாடியில் தலையை வைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, வடகம் போலத் திருப்பித் திருப்பிப் போட்டேன். குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் தெருவில் பேச்சாகிவிட்டது. யார் குடும்பத்துக்குச் செய்வினை என்று எதிர்வீட்டுக்காரி நேராகவே வந்து கேட்டாளாம்.

"ஏக்கா, தெருவே என்னையச் சூனியக்காரியப் பார்க்கிற மாதிரி பார்க்குது. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிரு," என்றாள் தங்கை.

எடுத்துக்கொண்டு போனால் மறுபடி மழைக்குள்தான் போக வேண்டும். நான் படியிறங்கி எதிர்வீட்டுக்காரியைக் கையோடு மாடிக்குக் கூட்டிவந்தேன். தலையைக் காட்டி, நான் மஞ்சள் போட்ட கதையை முழுசாய்ச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. அப்புறம் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாய் வர ஆரம்பித்தார்கள். இந்த இடுக்கில் இன்னும் இருக்கு பாருங்கக்கா, அதை மேலே திருப்புங்க என்று ஆளுக்கொரு யோசனை. ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுக்காரிதான் முதலில் சொன்னாள், தும்பைப் பூ மாதிரி இருக்கு என்று. பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

ஆடிய பல்லைப் பசை வைத்து ஒட்டி, பலகையில் பதித்து, ஜெபத்துக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் அச்சாயனிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததோ என்னவோ. நெற்றி எலும்பில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். "அப்பச்சன் இங்கதான் தட்டிக் கொடுக்கும்," என்றார். கண் நிறைந்திருந்தது.

ஜெபத்துக்கு நானும் மருமகளும் போயிருந்தோம். அங்கே வந்த அவருடைய சிநேகிதர் ஒருவர், தனக்கும் ஒன்று வேண்டும், என்ன ஆகும் என்று கேட்டார். இந்த முறை டவுன்காரர் விலையை அப்படியே சொன்னேன். மருமகள் என் இடுப்பில் கிள்ளினாள். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

என் கை கெடுத்ததை என் கையாலேயே நேராக்கிக் கொடுத்தேன் என்ற நினைப்பு, இந்த வயதிலும் யார் முன்னாலும் என்னைக் குனியாமல் நிற்க வைக்கிறது.