பீரோவுக்குப் பின்னால் வந்த புத்து

சொந்த வீடு வைத்திருப்பது ஓர் உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. பகலில் நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு யூனிட்டில் தறி மெக்கானிக். சாயங்காலம் வீடு திரும்பியதும் இந்த இரண்டாவது உத்தியோகம் ஆரம்பமாகிவிடும். உங்கள் வீட்டிலும் கரையான் ஏறியிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். பக்கத்தில் உட்காருங்கள், மரச்சேர் வேண்டாம், பிளாஸ்டிக் சேரில் உட்காருங்கள்.

ஃபேன் நின்றபோது

பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்தியிருந்த ஒரு நாள். யூனிட்டும் லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கை அறையில் சாய்ந்திருந்தேன். ஃபேன் ஓடாததால் வீடே ஊமையாகிக் கிடந்தது. அப்போதுதான் கேட்டது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக முறுக்கு தின்பது போல ஒரு சத்தம், கதவு நிலைக்குள்ளிருந்து.

தறிச் சத்தத்திலேயே கிடக்கிற காது என்னுடையது. எந்த மிஷின் எங்கே தேய்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். இந்தச் சத்தம் எனக்குப் பிடிபடவில்லை. எழுந்து போய் நிலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கிறது, உள்ளே மரம் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த ஓட்டைக்குள்ளிருந்து வெள்ளையாக இரண்டு மூன்று பூச்சிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ நான் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி திரும்பிப் போயின.

என் மனைவி முத்துலட்சுமி வந்து பின்னால் நின்றாள். அதற்கு முந்திய வாரம்தான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் மார்பிலிருந்த ஒரு கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வரவில்லை. அவள் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியலையேங்க."

ஒரே வார்த்தை

நம்ம பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. கரையான் கட்டுவதும் புத்து, உடம்பில் வருவதும் புத்து. மதுரையிலிருந்து திரும்பியதிலிருந்து அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. 'அது' என்போம். எந்த 'அது' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதும் இல்லை.

நிலையிலிருந்து தேடிக்கொண்டே போனதில், படுக்கை அறை பீரோவுக்குப் பின்னால் ஒரு சாண்கூட இல்லாத மண்மேடு ஒன்றும் எழும்பியிருந்தது. ஆனால் பூச்சி மருந்துக்காரருக்குப் போன் போட்டு 'அது வந்திருக்கிறது' என்றால் அவருக்கு என்ன புரியும்? யூனிட் வாசலில் நின்று, தறிச் சத்தத்தை மீறிக் கத்தினேன், "வீட்ல புத்து வந்துருச்சுங்க, சீக்கிரம் மருந்து குடுக்கணும்!" பின்னால் தறி ஓட்டும் பரமசிவம் நின்றதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பரமசிவம் தன் மனைவியோடு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் எழவு வீட்டுக்களை. "எந்த எடத்துலண்ணே?" என்று தணிந்த குரலில் கேட்டார். நானும் வெள்ளந்தியாக, "படுக்கை ரூம்ல, பீரோவுக்குப் பின்னால" என்றேன். அவர் மனைவி என்னை விநோதமாகப் பார்த்தாள். முத்துலட்சுமி காப்பித் தட்டோடு வந்தபோதுதான் அவர் எந்த 'அது'வை விசாரிக்கிறார் என்று எனக்கு விளங்கியது, அவளுக்கும் விளங்கிவிட்டது. பரமசிவம் மட்டும் விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னார்: "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா பயமே இல்லண்ணே, இப்பத்தான் எம்புட்டோ மருந்து வந்துருச்சே."

ஸ்பெஷலிஸ்ட் வருகை

மருந்துக்காரர் பெயர் சங்கரபாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பைக்கில் டிரில்லும் மருந்துக் கேனும் கட்டிக்கொண்டு வருவார். ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும் தொண்டை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் நிலையையும் சுவரையும் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, கூடத்தில் நின்று முழங்கினார். "நல்லாப் பரவிருக்கு சார். மேல உள்ளத வெட்டி எடுத்தாலும் உள்ள ஒண்ணு தங்கிருச்சுன்னா மறுபடி வந்துரும்."

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர், "கண்ணுல தூசி விழுந்துருச்சா சார்?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, பீரோவுக்குப் பின்னால் நுழைந்தார்.

நுழைந்தவர் வெளியே வரவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். தரை விரிசலிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரச் செம்மண் எழும்பி நின்றது. நான் கடைசியாகப் பார்த்தபோது அது ஒரு சாண்கூட இல்லை. உச்சியில் மஞ்சள், குங்குமம், வாடாத செவ்வரளி ஒன்று. சங்கரபாண்டி டிரில்லைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை: "சார், பூச்சிக்கு மருந்தடிக்கிறதுதான் நம்ம தொழிலு, சாமிக்கு இல்ல."

பசியாறட்டும்

அவர் போனதும் நான் கத்தினேன். வீடே விழப்போகிறது, இதில் பூவென்ன பொட்டென்ன என்று குதித்தேன். முத்துலட்சுமி கத்தவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, விலை பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். அவள் உடம்பில் வர வேண்டியது வழிமாறிச் சுவரில் ஏறியிருக்கிறதாம். அதை இங்கே அழித்தால் வேறெங்கே போகும் என்று என்னையே கேட்டாள். இப்படியெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். ஆனால் அன்றைக்குப் பயந்துவிட்டேன், அதுதான் உண்மை.

ஒரு வாரத்தில் வரும் என்ற ரிசல்ட், இன்னொரு சோதனைக்காக வேறு ஊருக்குப் போயிருக்கிறது என்றார்கள். அது வரும்வரை வீட்டை இது தின்னும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேனா? துணி சுற்றுகிற அட்டைக் குழாய்களை யூனிட்டிலிருந்து கேட்டு வாங்கிவந்து, யாருக்கும் தெரியாமல் அதன் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் குழாய் இருந்த இடத்தில் குழாய் வடிவத்தில் மண் இருக்கும். ஒருநாள் குனிந்து வைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து முத்துலட்சுமியின் குரல்: "நனைச்சு வைங்க, ஈரமா இருந்தாத்தான் அதுக்குப் பிடிக்கும்."

கல்யாண போட்டோ

அந்தச் சுவரில் எங்கள் கல்யாண போட்டோ தொங்கியது. கண்ணாடி போட்டது. ஒருநாள் பீரோவில் சட்டை எடுக்கும்போது தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடி அப்படியே இருக்கிறது. மாலையும் மீசையுமாக நான் அப்படியே இருக்கிறேன். என் பக்கத்தில் மண். அவள் நின்ற இடத்தில், ஏறக்குறைய அவள் உயரத்துக்கு, பின்னாலிருந்து ஏறி வந்த மண்.

அந்தப் பக்கம் சுவரில் ஓதம் அதிகம், அதனால் அங்கே முதலில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டு, போட்டோவைக் கழற்றித் துண்டில் சுற்றினேன். ஆணி கீழே விழுந்த சத்தத்துக்கு அவள் வந்துவிட்டாள். துண்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முகம் தெளிந்து, கிட்டத்தட்டச் சிரித்தே விட்டாள்: "பாத்தீங்களா, என்னைய விட்டுட்டு படத்த எடுத்துக்கிருச்சு."

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

இந்த மாதிரி சங்கதி தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை காலையில் பாலும் முட்டையுமாகப் பெண்கள் வந்துவிட்டார்கள். என் படுக்கை அறையில் செருப்பில்லாமல் நுழைய வேண்டும் என்று எனக்கே உத்தரவு. ஊற்றிய பால் அத்தனையும் மண்ணுக்குள் இறங்கியது. ஒரு சொட்டுகூடத் தரையில் ஓடவில்லை.

எங்களோடு ஒரே சுவரைப் பங்கு போட்டிருக்கும் ரமணி அக்காவும் வந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், எதையும் எளிதில் நம்பாத மனுஷி. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், குனிந்து அதன்மேல் காதை வைத்தார். வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்: "ஏமிட்டம்மா இது, மூச்சு விடுதே!"

மதுரை பஸ்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, நேரில் வாருங்கள் என்று. நேரில் என்றால் என்ன அர்த்தம் என்று மதுரை போகும் வரை இருவரும் தனித்தனியாக யோசித்தோம். டாக்டரம்மா தலையைத் தூக்காமலே, "சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் முத்துலட்சுமி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் உடைந்து அழ ஆரம்பித்தாள். அத்தனை நாள் அழாத அழுகை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கண்டக்டர் பதறிப்போய் ஓடிவந்தார்: "இங்கன எறங்கணுமாம்மா? அதுக்கு ஏம்மா அழுகுறீங்க, வண்டிய இன்னும் எடுக்கவே இல்லையே!"

காலி

வீட்டுக்கு வந்ததும் அவள் கடைசியாக ஒரு கற்பூரம் ஏற்றி, "போதும் தாயி, எறங்கிரு" என்று கும்பிட்டாள். மறுநாள் காலையில் சங்கரபாண்டி வந்தார். முத்துலட்சுமி சம்மதம் சொன்னபிறகும் அவர் நெடுநேரம் தயங்கினார். பிறகு ஓரமாக ஒரு தட்டுத் தட்டினார். புத்து பொலபொலவென்று சரிந்தது. உள்ளே அறை அறையாக, அவ்வளவு அழகாக, ஆனால் ஒரு பூச்சி இல்லை. நிலையைத் தட்டினோம், பீரோவை நகர்த்தினோம், ஃபேனை நிறுத்திக் கேட்டோம். எங்கும் ஒன்றும் இல்லை. மண்ணின் ஈரம் மட்டும் இன்னும் காயவில்லை. "இப்பத்தான் காலி பண்ணிருக்கு சார்" என்றார். எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். ஸ்க்ரூடிரைவரால் ரமணி அக்கா வீட்டுப் பக்கத்துப் பொதுச்சுவரைக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ரமணி அக்காவின் குரல் கேட்டது. மருந்துக்காரர் வந்திருந்தால் அப்படியே ஓர் எட்டு அனுப்பச் சொன்னார், அவர்கள் வீட்டுச் சாமி ரூம் நிலையில் புதிதாக மண் ஏறியிருக்கிறதாம். சங்கரபாண்டி கேனைத் தூக்கினார். முத்துலட்சுமி குறுக்கே போய், ரமணி அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்: "நிலை கெடக்கட்டும்க்கா, நீங்க கடைசியா எப்ப டாக்டர்ட்ட உடம்பக் காட்டுனீங்க?"

சொந்த வீட்டு உத்தியோகத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: பத்திரம் நம் பெயரில் இருக்கும், வீடு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை அவ்வப்போது ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.