பூஜ்யம் காட்டிய மீட்டர்

பூஜ்யம் என்றால் நல்ல செய்தி என்றுதான் போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் அக்கா மகள் கவிதா, அவிநாசியில் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஐந்து மாதக் கர்ப்பிணி. உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று உடனுக்குடன் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றைச் சட்டைப் பையில் செருகியிருப்பாள். மாலையில் வந்ததும் கணவன் ரஞ்சித்திடம் காட்டுவாள். பூஜ்யம். தினமும் பூஜ்யம். அந்த வட்டத்துக்குள் குழந்தை சுருண்டு தூங்குவதாக எனக்குத் தோன்றும்...

ரஞ்சித்துக்குத்தான் உறுத்தல். அருள்புரத்தில் குழந்தைகள் பனியன் தைக்கும் கம்பெனியில், துணிக்குள் உடைந்த ஊசி கிடக்கிறதா என்று பார்க்கும் மெஷின் அவன் பொறுப்பு.

"மெஷின் கத்தலைன்னா ஊசி இல்லைன்னு அர்த்தமில்லீங்க மாமா. இரும்புத் துணுக்கு வச்ச கார்டை அப்பப்போ உள்ள விடுவோம். அதுக்கும் கத்தலைன்னா, மெஷின் அவுட்டு!"

"எம் மீட்டரும் உங்க பனியனும் ஒண்ணுங்களா?" கவிதா முறைத்தாள்.

ஆனாலும் மறுநாள், நோயாளிகள் இல்லாத நேரத்தில் மீட்டரை மேஜையில் வைத்தாள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் நின்று, ஒரு படம் எடுத்தாள். கதிர் நேராக மீட்டரின் மேல்.

பூஜ்யம்!

"அசையவே இல்லீங்க மாமா..." போனில் அவள் குரல் உடைந்தது.

மீட்டர் விற்ற கம்பெனி இன்ஜினியரைப் பிடித்தேன். சரியாக அளக்கிறது என்று காலிபரேஷன் சர்டிபிகேட் இருக்கிறதே ஐயா?

"இருக்குதுங்க சார். ஆனா அது விடாம வர்ற கதிர்ல வச்சுச் சரிபார்த்தது. உங்க எக்ஸ்ரே மெஷின் கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள மொத்தத்தையும் கொட்டிட்டு நின்னுரும். நூறு பேரு ஒரே நேரத்துல கதவைத் தட்டுனா, இதுக்கு ஒரு தட்டுதான் கேக்கும்; அந்த ஒண்ணு திரையில பூஜ்யமாத்தான் தெரியும். அந்த மாதிரி விட்டு விட்டுப் பாயற எக்ஸ்ரேயில வச்சு அளந்து பார்க்கோணும். எல்லா லேப்லயும் அந்த வசதி இல்லீங்க."

இன்னொரு நம்பிக்கை இருந்தது — பேட்ஜ். மார்பில் குத்திக்கொள்ளும் சின்ன அட்டை. பட்ட கதிரையெல்லாம் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். லேபுக்கு அனுப்பினால் மொத்தமும் தெரிந்துவிடும். அன்று மாலை அவர்கள் வீட்டில் கேட்டேன்.

"பேட்ஜ் எங்க கண்ணு?"

"டிராயர்லங்க மாமா. மீட்டர்தான் இருக்குதேன்னு..."

ரஞ்சித் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "டெஸ்ட் கார்டுக்கு மெஷின் கத்தலைன்னா, அதுக்கு முந்தி போன பீஸையெல்லாம் திருப்பி வரவழைச்சு செக் பண்ணுவோங்க..." என்றான்.

கடந்துபோன மாதங்களை எந்தப் பெட்டியில் போட்டுத் திருப்பி வரவழைப்பது?

தடுப்புச் சுவர் இருக்கிறது, ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார்கள் எல்லோரும். இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்ற சொல்லில் தலைவைத்துத் தூங்க முடியுமா? நாம் கும்பிட்டு நம்புகிற பூஜ்யங்கள் பல, ஆபத்து இல்லாததால் வந்தவை அல்ல — பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாததால் வந்தவை.

நேற்று கவிதாவுக்கு ஸ்கேன். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். குட்டி இதயம் படபடத்துக்கொண்டிருந்தது.

"குழந்தை நல்லா இருக்கும்மா. பயமே வேண்டாம்."

கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்த மெஷினை யாருங்க டாக்டர் செக் பண்றாங்க?"