ஜெசிந்தா அக்கா திறந்து வைத்த கோப்பு

திங்கட்கிழமை காலை தேர்வறைப் பட்டியலைத் திறந்தேன். ஜெசிந்தா பயன்படுத்துகிறார், படிக்க மட்டும் முடியும் என்றது திரை. முன்னதாகவே வந்துவிட்டார் போல என்று அவர் அறைக்குப் போனேன். நாற்காலி காலி. சனிக்கிழமை அணைக்காமல் விட்ட கணினி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நிற்கும்போதுதான் திண்டிவனத்திலிருந்து அவர் தம்பி அழைத்தார். ஞாயிறு மாலை, வீட்டில், மாரடைப்பில் போய்விட்டார்.

விழுப்புரத்தில் எங்கள் கல்லூரித் தேர்வு அலுவலகத்துக்கு வந்துபோனவர்களுக்கு அக்காவைத் தெரியும். நான்கு அறைகள், ஒரு பொதுக் கோப்புறை. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அமைத்தவர் அவர். பாதிப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்பது என் திரையில் தெரியும். பெயர்கள். குரல்கள் இல்லை.

சேர்ந்த புதிதில், அவசரத்தில், அவர் திறந்திருந்த கோப்பை என் இடத்திலிருந்தே துண்டித்தேன். சேமிக்காத மதிப்பெண்கள் போயின. அக்கா வந்து வாசலில் நின்றார்.

“இன்னாப்பா, பத்தடி தூரத்துல குந்திக்கினு இருக்கேன். எழுந்து வந்து கேக்கமாட்டியா? ஒயரு வழியாவே கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளுறியே.”

திரும்பிப் போய் மாலைவரை மறுபடி தட்டச்சு செய்தார்.

அதன்பின் அதுவே எங்கள் வழக்கம். மூடுமுன் நேரில் கேட்க வேண்டும். அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. சில நாட்களில் நான் பேசியதே அந்தக் கேள்வி மட்டும்தான். தேவையில்லாத கோப்புகளுக்கும் போய்க் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

“இந்த ஃபைலு உனக்கு எதுக்கு? சரி, வந்துட்ட. மல்லாட்டை எடுத்துக்க” என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டுவார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் தேர்வு. துண்டிக்கச் சொன்னார் அதிகாரி. நகல் எடுத்தால் இரண்டு பட்டியலாகிவிடும், மாணவர்கள் அறை மாறிப் போவார்கள். அவர் கணினித் திரை பூட்டியிருந்தது; அக்காவின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கடைசியாக அவர் எதைத் திருத்தினார், எத்தனை வரி, அதுவும் தெரியாது. துண்டித்தால் போய்விடும்.

எழுந்தேன். பத்தடி. நாற்காலி அருகே நின்று, “அக்கா, மூடட்டுமா?” என்றேன். திரும்பி வந்து துண்டித்தேன். என் திரையில் அவர் பெயர் மறைந்தது.

அவர் மேசையில் இருந்த தாள்களைப் பார்த்து மாலைவரை மறுபடி தட்டச்சு செய்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பத்தடி. இப்போதும் கோப்பை மூடுமுன் எழுந்து போகிறேன். புதிதாக வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, போனில் கேட்டிருக்கலாமே என்கிறார்கள். கேட்டிருக்கலாம்.